ரேணுகாம்பாள் செய்த தண்ணீர்

அப்பாசாமி வேலை பார்த்த அரிசி ஆலையில், கொதிகலனின் முன்பக்கம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான கண்ணாடிக் குழாய் ஒன்று நின்றுகொண்டிருக்கும். மேலேயும் கீழேயும் பித்தளைப் பூண் போட்டது. கொதிகலனுக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் இருக்கிறதோ, அதே உயரத்துக்கு அந்தக் குழாயிலும் தண்ணீர் நிற்கும். ஆலையில் அதற்கு லெவல் கிளாஸ் என்று பேர். நெல் அவிக்க நீராவி கொடுக்கிற அந்த இரும்பு ராட்சசனுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே சொல்ல அதைவிட்டால் வேறு வாய் கிடையாது.

1981ஆம் வருஷம் ஐப்பசியில் ஊருக்கு வெளியே இன்னோர் ஆலையில் கொதிகலன் வெடித்தது. இரண்டு பேருக்கு உடம்பு வெந்துபோனது. பிழைத்த கொதிகலன்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "கிளாஸ் நிறையத் தண்ணி இருந்துச்சுப்பா. நான் பாத்தேன்." அவர் பார்த்தது நிறைந்த கண்ணாடியை அல்ல, காலிக் கண்ணாடியை.

அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று அப்பாசாமிக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி ரேணுகாம்பாள் என்னவென்று கேட்டாள்.

"அந்தாளு முட்டாள் இல்ல ரேணுகா. இருபது வருஷமா பாய்லர் ஓட்டறவரு. பாதி தண்ணி இருந்தா நடுவுல ஒரு வெளிம்பு தெரியும், கண்டுபிடிச்சுடலாம். முழுக்க நிறைஞ்சாலும் வெளிம்பு தெரியாது, முழுக்கக் காலியானாலும் தெரியாது. ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும்."

"அப்ப உங்களுக்குச் சொல்லிக் குடுக்க ஒண்ணுமே இல்லயா?"

"ஒரு சார்ட்டு மாட்டிவெச்சிருக்காங்க. அதுல தண்ணிய நீலமா வரைஞ்சிருக்கான். நம்ம கிளாஸ்ல எங்க நீலம் இருக்குது?"

ரேணுகாம்பாள் தேரடி வீதியில் டாக்டர் ராமகிருஷ்ணனின் பல் ஆஸ்பத்திரியில் பல் செட் செய்கிறவள். அடி அண்ணாமலையில் கம்பும் மல்லாட்டையும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். எட்டாவது படித்து, துப்புரவு வேலைக்கென்று அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மாவுக்கட்டில் அச்சு எடுப்பதையும், அக்ரிலிக் பவுடரில் லிக்விட் விட்டுப் பிசைந்து ஈறு செய்வதையும் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். பதினோரு வருஷம் ஆயிற்று. ஊரில் பாதிக் கிழவர்கள் முறுக்குக் கடிப்பது அவள் கையால்தான்.

"ஒரு சின்ன பாய்லர் செஞ்சு, அதுல நிஜத் தண்ணி மாதிரியே தண்ணி வெச்சுக் காட்டினா?" என்று கேட்டாள். "இல்லன்னா பெரிய கிளாஸையே கழட்டிக் காட்ட முடியாதா?"

"ஸ்பேர் ஒண்ணே ஒண்ணுதான். மொதலாளி பீரோல வெச்சுப் பூட்டியிருக்காரு. அது உடைஞ்சா மில்லு நின்னுடும். ஓடற பாய்லர்ல காலி கிளாஸைக் காட்டணும்னா நாமளே எமனைக் கூப்பிட்ட மாதிரி."

"சின்னதா செய்யறேன். நாலுல ஒரு பங்கு. ரெண்டடி தள்ளி நின்னு பாத்தா, பெரிய பாய்லரை எட்டடி தள்ளி நின்னு பாக்கிற மாதிரி இருக்கணும். நீங்கதான் பாத்துச் சொல்லணும். மனசுக்காகச் சொல்லக் கூடாது."

பவுடர் டப்பாவைக் கிடத்திக் கருப்பு வண்ணம் அடித்ததும் கொதிகலன் தயார். பித்தளைப் பூணுக்குப் பழைய பேனா மூடி. லெவல் கிளாஸுக்குக் கண்ணில் மருந்து விடுகிற சொட்டுக் குழாயின் கண்ணாடி. இரண்டு பக்கமும் அரத்தால் ராவி நேராக்கினாள். இதெல்லாம் இரண்டு நாள் வேலை. தண்ணீருக்குத்தான் நாற்பது நாள் ஆயிற்று.

முதலில் நிஜத் தண்ணீரையே ஊற்றிப் பார்த்தாள். அப்பாசாமி இரண்டடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து பார்த்தான்.

"இது மருந்துக் குழாய்ல இருக்கிற தண்ணி. பாய்லர் தண்ணி இல்ல."

அவன் சொன்னது சரி. பெரிய கண்ணாடியில் தண்ணீரின் மேல்மட்டம் தட்டையாக, ஓரத்தில் மட்டும் நூலளவு ஏறி நிற்கும். சின்னக் குழாயில் அதே தண்ணீர் கிண்ணம்போலக் குழிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. ஒரு குமிழ் வந்தால் குழாயின் அகலம் முழுக்க அடைத்துக்கொண்டு தண்ணீரை இரண்டாக வெட்டியது. பொருளைச் சின்னதாகச் செய்துவிடலாம். தண்ணீர் தன் சுபாவத்தைச் சின்னதாக்கிக்கொள்ளாது. நிஜத் தண்ணீரைக் கொண்டு சின்னத் தண்ணீர் செய்ய முடியாது என்று அன்றைக்குத்தான் ரேணுகாம்பாளுக்குப் புரிந்தது.

நிறமில்லாத அக்ரிலிக் பவுடரும் லிக்விடும் கலந்து ஊற்றினாள். மறுநாள் காலை இறுகியிருந்தது. ஆனால் இறுகும்போது சுருங்கி, கண்ணாடிச் சுவரை விட்டு விலகியிருந்தது. விலகின இடமெல்லாம் வெள்ளி ரேக்கு ஒட்டினதுபோல் மின்னியது.

"உள்ள வெள்ளிக் கம்பி நிக்கிற மாதிரி இருக்குது" என்றான் அப்பாசாமி.

மூன்றாவது தடவை, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். ஒரு நெல் உயரம் ஊற்றி, அது இறுகின பிறகு அடுத்தது. சுருக்கம் கம்மியானது. ஆனால் ஒவ்வோர் ஊற்றுக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்தது. நான்காவதில், கீழே ஊற்றினது முழுசாக இறுகுவதற்கு முன்னால், தொட்டால் விரலில் ஒட்டுகிற பதத்திலேயே அடுத்ததை ஊற்றினாள். கோடு இல்லை. விலகலும் இல்லை. ஊசி முனையில் ஒரு துளி லிக்விடைத் தொட்டு மேல்மட்டத்தின் ஓரத்தை மட்டும் நூலளவு மேலே இழுத்துவிட்டாள்.

டாக்டர் ராமகிருஷ்ணன் ஒருநாள் அவள் மேஜைக்கு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னம்மா, யாருக்குப் பல்லு இது? லிக்விட் நாத்தம் வாசல் வரைக்கும் வருது."

"பல்லு இல்லீங்க டாக்டர். தண்ணி."

குழாயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். அவரை அறியாமலே, சிந்திவிடக் கூடாது என்று நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்பது தெரிந்து சிரித்தார். குழாயைக் கவிழ்த்தார். தண்ணீர் அப்படியே நின்றது.

"வேலை நேரம் முடிஞ்சதும் எவ்வளவு நேரம் வேணும்னாலும் இந்த மேஜையில உக்காந்து செய். ஜன்னலை மட்டும் திறந்து வெச்சுக்கோ."

நுரை வந்த தண்ணீரைச் செய்வதுதான் கஷ்டமாக இருக்கும் என்று பயந்திருந்தாள். கொதிகலனில் அழுக்கு ஜாஸ்தியானால் தண்ணீர் நுரைத்து, இல்லாத உயரத்தைக் காட்டும். அதையும் ஆட்கள் பார்க்க வேண்டும். சோப்பு, முட்டை வெள்ளை, இலவம் பஞ்சு என்று எதையெதையோ யோசித்தாள். ஒருநாள் பல் செட் அச்சை வெந்நீரில் வைக்கும்போது, பழக்கத்தில் அடுப்பைத் தணித்தாள். அக்ரிலிக்கை மெதுவாகச் சூடு பண்ண வேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் உள்ளே பொடிக் குமிழ்கள் விழுந்து பல் செட் வீணாகிவிடும். பதினோரு வருஷமாக அவள் பயந்து ஒதுக்கின குற்றம் அது.

அடுப்பின் தீயைத் தூக்கிவிட்டாள். புதிதாக அக்ரிலிக் ஊற்றின குழாய் ஒன்றின் நுனியைக் கொதிக்கிற தண்ணீரில் அமுக்கிப் பிடித்தாள். அக்ரிலிக்குக்குள் கசகசாபோலப் பொடிக் குமிழ்கள் பொங்கி ஏறின. அங்கேயே நின்று சத்தமாகச் சிரித்தாள். பல் பிடுங்கிக்கொள்ள வந்து உட்கார்ந்திருந்த கிராமத்து ஆள் ஒருவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

தீபத் திருவிழா முடிந்து கூட்டம் கலைந்த வாரத்தில் ஆறு குழாய்கள் தயாராயின. நிறைந்தது, பாதி, அடியில் கொஞ்சம், காலி, நுரைத்தது, செங்கல் தூள் ஒரு சிட்டிகை கலந்து கலங்கலானது. பாதிக் குழாயில் தண்ணீருக்கு மேலே, நீராவி குளிர்ந்து துளித்துளியாய் நிற்பதுகூட இருந்தது. ஒவ்வொரு துளியையும் ஊசியால் வைத்திருந்தாள்.

அந்த வாரத்தில்தான் ஒரு சாயங்காலம், பல் ஆஸ்பத்திரி மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆறையும் துடைத்துக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டுப் போனாள். கையில் இரண்டு குழாய்கள். ஒன்று நிறைந்தது, ஒன்று காலி. எது எது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிஷம், ஆஸ்பத்திரியில் கிடந்த மனிதரின் நினைப்பு வந்தது. இவ்வளவு பாடுபட்டுச் செய்தது, நிஜக் கண்ணாடி ஏமாற்றுகிற மாதிரியே ஏமாற்றுவதற்குத்தானா? இதைக் காட்டி யாருக்கு என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?

ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். எதிரே மலை. ஜன்னலிலிருந்து பார்த்தால் மலையின் சரிவு இடமிருந்து வலமாக இறங்கும். குழாய் வழியாகவும் அப்படியேதான் இறங்கியது. அடுத்த குழாயைப் பிடித்தாள். அதற்குள் மலை பொடியாகத் தெரிந்தது. சரிவு வலமிருந்து இடமாக இறங்கியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பாதிக் குழாயை எடுத்தாள். தண்ணீருக்கு மேலே சரிவு வலப்பக்கம், தண்ணீருக்குள் இடப்பக்கம். கீழே ஓடிப்போய் ஒரு காலிச் சொட்டுக் குழாயில் குழாய்த் தண்ணீரை அடைத்துக்கொண்டு வந்தாள். அதற்குள்ளும் மலை திரும்பித்தான் நின்றது. அக்ரிலிக் மட்டுமல்ல, நிஜத் தண்ணீரும் அப்படித்தான் செய்தது. காலிக் கண்ணாடி திருப்பாது. தண்ணீர் இருக்கிற கண்ணாடி திருப்பும்.

அன்று வீட்டுக்குப் போனதும், ஒரு தகரத் துண்டில் கருப்பும் வெள்ளையுமாகச் சாய்வுப் பட்டைகள் வரைந்தாள். சின்னக் கொதிகலனில் குழாய்க்குப் பின்னால் அதைச் செருகினாள். காலிக் குழாயை மாட்டி, "பாருங்க" என்றாள். பட்டைகள் சாய்ந்தபடியே தெரிந்தன. நிறைந்ததை மாட்டினாள். பட்டைகள் எதிர்ப்பக்கம் சாய்ந்தன.

அப்பாசாமி எழுந்து வாசல் வரைக்கும் நடந்து போய் நின்றான். அங்கிருந்து, "மாத்து" என்றான். மாற்றினாள். "காலி." மறுபடி மாற்றினாள். "தண்ணி." பத்துத் தடவை மாற்றினாள். பத்தும் சரி. திரும்பி வந்தவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

ஆலை முதலாளி ராஜமாணிக்கம் அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. "பாய்லர்ல நாமளா கை வெச்சா கவர்மெண்டு இன்ஸ்பெக்டர் ஓட்டவே கூடாதுன்னு நிறுத்திடுவாரு. எனக்கு அறுவடை நேரம்."

"பாய்லரைத் தொட மாட்டோம் மொதலாளி. கிளாஸுக்குப் பின்னால ஒரு தகரம் மட்டும் தொங்கும்" என்றான் அப்பாசாமி.

ரேணுகாம்பாள் பட்டைத் தகரத்தை எடுத்துவிட்டு, சின்னக் கொதிகலனை அவர் மேஜைமேல் வைத்தாள். "இதுல தண்ணி நிறைஞ்சிருக்குதா, காலியாங்க?"

ராஜமாணிக்கம் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நாற்பது வருஷம் ஆலை நடத்தினவர். "நிறைஞ்சிருக்குது."

அவள் பட்டைத் தகரத்தைச் செருகினாள். குழாயைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை ஊதிப் பார்த்தார். காற்று மறுபக்கம் போனது. குழாயை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கே மாட்டு" என்றார்.

பெரிய தகரத்தை மாட்டின மறுநாள், ஆலையில் இருந்த பதினாறு பேரையும் அரைமணி நேரம் நிறுத்திச் சின்னக் கொதிகலனைக் காட்டினாள். நெருப்புக்கு உமி தள்ளுகிற அர்ஜுனன், நெல் அவிக்கிற பெண்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரையும். "எங்களுக்கு எதுக்குக்கா இது? பாய்லருக்குத்தான் ஆள் இருக்குதே" என்றாள் நெல் அவிக்கிற பாஞ்சாலை.

"வெடிச்சா ஆள் பாத்தா வெடிக்கும்? நீயும் பாத்துக்கோ."

பாஞ்சாலை குனிந்து பார்த்தாள். பிறகு பெரிய கொதிகலனைப் பார்த்தாள். அதற்கு வலப்பக்கம் உமிக் குவியல், இடப்பக்கம் தண்ணீர்த் தொட்டி. தகரத்தின் பட்டை வலப்பக்கம் சாய்ந்திருந்தது. "அட! கோடு உமிப் பக்கம் சாஞ்சா காலி. தொட்டிப் பக்கம் சாஞ்சா தண்ணி. இதுக்கா அரைமணி நேரம்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ரேணுகாம்பாள் யோசித்து வைத்திருந்த விளக்கத்தையெல்லாம் அதோடு விட்டுவிட்டாள்.

மாசி மாதம். சம்பா நெல் வண்டி வண்டியாக வந்து இறங்கிய நேரம். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, நெல் ஏற்றுகிற பெல்ட் அறுந்து அப்பாசாமியை மேல்தளத்துக்குக் கூப்பிட்டார்கள். அர்ஜுனனிடம் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான். அர்ஜுனன் உமி தள்ளிக்கொண்டே ஒரு தடவை கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தான். பளிச்சென்று இருந்தது. பட்டை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்காமல், நிறைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மறுபடி உமியைத் தள்ளினான். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கொதிகலனுக்குத் தண்ணீர் போகிற குழாயில் சுண்ணாம்பு படிந்து இறுகி அடைத்து, கொஞ்ச நேரமாகவே தண்ணீர் உள்ளே போகவில்லை.

பாஞ்சாலை தலையில் நெல் கூடையோடு களத்திலிருந்து உள்ளே வந்தாள். பதினைந்தடி தூரத்தில் நின்றுவிட்டாள். கூடையைக் கீழே போட்டாள்.

"உமிப் பக்கம்! அண்ணா! கோடு முழுக்க உமிப் பக்கம்!"

அர்ஜுனன் திரும்பிப் பார்த்தான். மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு பட்டைகூடத் தொட்டிப் பக்கம் இல்லை. பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த கைப்பம்பை நோக்கி ஓடினான். மேல்தளத்து ஏணியில் பாதி தூரத்தை ஒரே குதியாகக் குதித்து வந்த அப்பாசாமி அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

"தண்ணி விடாதே! காஞ்ச இரும்புல பச்சைத் தண்ணி பட்டா மில்லே இருக்காது! நெருப்பை இழு!"

நீளக் கம்பியால் இரண்டு பேரும் அடுப்பிலிருந்து நெருப்பை வாரி வெளியே இழுத்தார்கள். புகை மண்டியது. பாஞ்சாலை களத்தில் இருந்தவர்களையெல்லாம் விரட்டிக்கொண்டு சாலைக்கு ஓடினாள். முதலாளியையும் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். கடைசி நெருப்பும் வெளியே வந்தபின் இருவரும் சுவருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். நீராவியின் அழுத்தத்தைக் காட்டும் முள் மெல்ல மெல்ல இறங்கியது. இரண்டு மணி நேரத்தில் பூஜ்யத்துக்கு வந்தது.

ஒன்றும் ஆகவில்லை. கொதிகலனைத் திறந்து பார்த்தபோது உள் தகடு ஓரிடத்தில் சூட்டில் நீலம் பூத்திருந்தது, அவ்வளவுதான். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் ஆலையே இருந்திருக்காது. ராஜமாணிக்கம் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தவர், பாஞ்சாலையைக் கூப்பிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு அப்பாசாமியிடம், "போய் உன் சம்சாரத்தைக் கூட்டிட்டு வா" என்றார்.

கொதிகலனைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் வந்தார். பட்டைத் தகரத்தைப் பார்த்ததும் நின்றார். "இது யார் சொல்லி மாட்டினது? பெரிய ஃபேக்டரிகள்ல கிளாஸோடவே இப்படிப் பட்டை போட்ட பிளேட்டு வரும். உங்களுக்கு எந்த இஞ்சினியர் சொன்னாரு?"

அங்கே நின்றிருந்த ரேணுகாம்பாளுக்கு முதலில் முகம் சுண்டிவிட்டது. உலகத்துக்குத் தெரிந்த சங்கதிதானா இது? பிறகு நிமிர்ந்து சொன்னாள்: "யாரும் சொல்லலீங்க. யாராவது சொல்லியிருந்தா அந்த மில்லுல ரெண்டு பேரு வெந்திருக்க மாட்டாங்க. நானா கண்டுபிடிச்சேன்."

இன்ஸ்பெக்டர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். சின்னக் கொதிகலனைக் கேட்டு வாங்கினார். நுரைக் குழாயை மாட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "இந்த நுரை அடங்காம எப்படிம்மா நிக்குது?" என்று கேட்டார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "முப்பது வருஷமா பாய்லர் பாக்கறேன். இப்படி ஒண்ணு செய்யணும்னு எனக்குத் தோணலையே" என்றார். அந்த நிமிஷத்தில் ரேணுகாம்பாளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சித்திரையில் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் சுற்றுவட்டார ஆலைகளின் கொதிகலன்காரர்கள், உமி தள்ளுகிறவர்கள், நெல் அவிக்கிற பெண்கள் என்று இருநூறு பேர் கூடினார்கள். போளூர், செங்கம், ஆரணியிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்துகொண்டார். மணமக்கள் உட்காருகிற மேடையில் ஒரு மேஜை. அதன்மேல் கருப்பு வண்ணம் அடித்த பவுடர் டப்பா. இருநூறு பேருக்கும் ஒரே சமயத்தில் அது கண்ணுக்குத் தெரியாது என்பதால், ரேணுகாம்பாள் பத்துப் பத்துப் பேராக மேடைக்கு வரச் சொன்னாள். முதல் பத்துப் பேரில், சுப்பன் என்ற போளூர்க்காரர் நுரைக் குழாயை உற்றுப் பார்த்துவிட்டு, "தண்ணி கொதிக்குதே, அடுப்பு எங்க?" என்று மேஜைக்கு அடியில் குனிந்து தேடினார். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது.

இரண்டு மணி நேரத்தில் எல்லாரும் பார்த்து முடித்தார்கள். பிறகு ஒரு பெரிய அட்டையில் பட்டைகள் வரைந்து, ராஜமாணிக்கம் பீரோவைத் திறந்து தானே கொண்டுவந்து கொடுத்த நிஜ லெவல் கிளாஸை அதன்முன் நிறுத்தினாள். அப்பாசாமி அதில் செம்பால் தண்ணீர் ஊற்றினான்.

"இப்ப?" என்றாள் ரேணுகாம்பாள்.

"தண்ணி!" என்றது மண்டபம்.

அடியிலிருந்த தக்கையைப் பிடுங்கினாள். பட்டைகள் மேலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டே வந்தன.

"இப்ப?"

"காலி!"

"இப்ப இன்னா பண்ணுவீங்க?"

"நெருப்பை இழுப்போம்!"

"தண்ணி விடுவீங்களா?"

"மாட்டோம்!"

கடைசி வரிசையில் நின்றிருந்த பாஞ்சாலையின் குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது. ரேணுகாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதிரே இருநூறு முகங்கள் அடுத்தது என்ன என்று காத்திருந்தன.

"செம்பைக் குடுங்க" என்று கணவனிடம் கை நீட்டினாள். "இன்னொரு தடவை."